எட்டாவது தேசிக்காய்

அந்தச் சனிக்கிழமைக்கான நாட்குறிப்புப் பக்கத்தில் இடம் மிச்சமில்லை. எட்டுச் சக்கரங்களின் காற்றழுத்தம், புறப்பட்ட நேரம், அப்போதிருந்த குளிர், கரவன் என்ற இழுவை வீட்டின் மொத்த எடை, மனைவி கட்டித் தந்த சோற்றுப் பொதிகள் எத்தனை என்பது வரை எழுதியிருக்கிறேன். எட்டாவது தேசிக்காயைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. இருபத்தெட்டு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். மறந்து விட்டுப்போனவை பல இருக்கும். தெரிந்துகொண்டே விட்டது அது ஒன்றுதான்.

என் தம்பி 2011 இல் வன்னியிலிருந்து பாரிசுக்கு வந்து சேர்ந்தான். அப்போது அவனுக்கு முப்பத்தெட்டு வயது. யுத்தத்தின் கடைசிக் கிழமைகளில் விழுந்த ஷெல்லின் ஒரு துண்டு, பயற்றம் விதை அளவு, அவன் முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் தங்கியிருந்தது. இங்கே ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தவர்கள், எடுக்கப் போனால் காலுக்கு ஆபத்து, இருக்கிற இடத்தில் இருக்கட்டும் என்றார்கள். நிற்கலாம், நடக்கலாம், அளவான வேலை செய்யலாம். குலுங்கக் கூடாது. அதை நான்தான் பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு மாற்றி அவனுக்குச் சொன்னேன். எனவே அது எனக்குத் தெரியாது என்று ஒருநாளும் சொல்ல முடியாது.

பாரிசின் மார்க்ஸ் டோர்மோயில் எங்கள் வீடு மூன்றாம் மாடியில், இரண்டு அறைகள். நான், மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள். ஐந்தாவதாக அவன் வந்தபோது வாசலுக்குள்ளே இருக்கும் ஒடுங்கிய நடையில் அவனுக்கு மெத்தை விரித்தோம். காலையில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அவன் காலைத் தாண்டிப் போவார்கள். "பர்தோன், சித்தப்பா" என்பார்கள். அவன் காலை மடக்கிக்கொள்வான். யாராவது கதவைத் திறக்கும்போதெல்லாம் எழும்ப வேண்டியிருந்தது. இரண்டு வருடம் அப்படி இருந்தான். ஒருநாளும் முறைப்பட்டதில்லை. ஒரு தடவை மட்டும், லா சப்பலில் மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்பி வரும் வழியில் கேட்டான்.

"அண்ணை, எனக்கு ஒரு கதவு கிடைக்குமோ?"

"என்ன கதவு?"

"நானே பூட்டி நானே திறக்கிற கதவு. அறை பெரிசா இருக்க வேணும் எண்டில்லை."

2013 மாசியில் அந்தக் கதவுக்கு ஒரு வழி தெரிந்தது. நாந்த் நகரத்துக்கு வெளியே தக்காளி வளர்க்கும் கண்ணாடிக் கூடாரங்களில் ஆள் தேவைப்பட்டது. கொடிகளை நூலில் சுற்றிக் கட்டும் வேலை, நின்றபடி செய்வது. அவனுக்கு விசாக் கடதாசி கையில் இருந்தது. வேலைக்கான டொக்டரும் சரி என்று எழுதித் தந்தார். தங்க இடம் தர மாட்டோம், ஆனால் சொந்தக் கரவன் இருந்தால் கூடாரத்துக்குப் பின்னால் நிறுத்தலாம், தண்ணீரும் கரண்டும் உண்டு என்று பத்ரோன், அதாவது முதலாளி, சொன்னார். சித்திரை இரண்டாவது திங்கள் காலை ஏழு மணிக்கு வந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவேன் என்றும் சொன்னார்.

கரவனைக் கண்டுபிடித்தவர் மச்சான், என் மனைவியின் அண்ணன். மரக்கறி லொறி ஓட்டுகிறவர். பாரமான வாகனங்களுக்கான லைசென்ஸ் எங்கள் குடும்பத்தில் அவரிடம்தான் இருந்தது. லா சப்பலில் தேத்தண்ணிக் கடையில் வைத்து எனக்கும் தம்பிக்கும் விசயத்தைச் சொன்னார்.

"சாதாரண கரவன் இல்லை மச்சான். கழுத்து வைச்ச சாமான். இழுக்கிற பிக்அப்போடை சேத்துக் குடுக்கிறான் கிழவன்."

"கழுத்து எண்டா?"

"வந்து பாரும். உமக்கு அளந்து எழுதிறதுக்கு ரெண்டு கொப்பி காணாது."

சென் தெனிக்கு அப்பால் ஒரு வெளியில் அது நின்றது. ஊர் ஊராகப் போய்ச் சந்தைகளில் இராட்டினம் போட்டு வாழ்ந்த ஒருவர், வயது போய் ஓய்வெடுத்து விற்கிறார். மற்றக் கரவன்கள் வாகனத்தின் வாலில் ஓர் உருண்டையில் கொளுவப்பட்டுப் பின்னால் வரும். இதற்கு முன்பக்கத்தில் வளைந்த இரும்புக் கழுத்து இருந்தது. அந்தக் கழுத்து பிக்அப்பின் பெட்டிக்குள் இறங்கி, பின் அச்சுக்கு நேர் மேலே ஒரு வட்டத் தட்டில் அமரும். ஐந்தாவது சக்கரம் என்று அந்தத் தட்டைச் சொல்கிறார்கள். வளைவுகளில் கரவன் ஆடாமல் வரும் என்பது அதன் நன்மை. கரவனின் சக்கரம் விழும் ஒவ்வொரு குழியும் கழுத்து வழியாக ஏறி பிக்அப்பில் இருப்பவரின் இருக்கைக்கு வரும் என்பது அதன் குறை.

உள்ளே, கழுத்துக்கு மேலே ஒரு கட்டில், ஒரு சின்னக் குசினி, ஒரு மேசை. நானும் மச்சானும் ஈரம் ஊறியிருக்கிறதா என்று சுவர்களைத் தட்டிப் பார்த்தோம். தம்பி கதவடியிலேயே நின்றான். உள்ளே ஒரு தாழ்ப்பாள் இருந்தது. அதைப் போட்டான், எடுத்தான், திரும்பவும் போட்டான்.

கார்ஜ் லே கொனெஸில் மச்சான் லொறி நிறுத்தும் முற்றம் ஒன்று உண்டு. கரவனை அங்கே கொண்டுபோனோம். பதினொரு கிலோமீற்றர். மச்சான் ஓட்டினார், தம்பி அவருக்குப் பக்கத்தில், நான் பின் இருக்கையில். பாலத்தடியில் முதலாவது குழி வந்தபோது முதுகில் யாரோ உதைத்தது போல இருந்தது. தம்பி தன் கையை முதுகுக்கும் இருக்கைக்கும் இடையில் நுழைத்து வைத்துக்கொண்டான். இறங்கும்போது பிக்அப்பின் கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றான். மாசிக் குளிரில் அவன் மேலுதடு வியர்த்திருந்தது.

"எப்பிடி இருந்தது?" என்றேன்.

"பரவாயில்லை அண்ணை."

"பரவாயில்லையோ?" என்றார் மச்சான். "எனக்கே குடல் வாய்க்குள்ளை வந்திட்டுது. இவன் ஒருத்தன், தலையை வெட்டினாலும் பரவாயில்லை எண்டுவான்."

நாந்த் நானூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. இரயிலில் இரண்டு மணித்தியாலம், ஒரு குலுக்கமும் இல்லை. நீ இரயிலில் போ, நாங்கள் கரவனைக் கொண்டுவந்து தருகிறோம் என்று மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் மறுத்தான்.

"அங்கை முகாமுக்கு ஏத்தேக்கை சாமான் எல்லாம் பின்னாலை வாற பஸ்ஸிலை வரும் எண்டவங்கள். வரேல்லை," என்றான் கடைசியாக. "என்ரை வீடு போகேக்கை நானும் அதோடை போறன்."

ஆகவே கரவனின் அடிப்பக்கத்தைத் திருத்துவதென்று முடிவெடுத்தேன்.

நான் சென் தெனியில் லிப்ட் திருத்தும் நிறுவனம் ஒன்றின் உதிரிப்பாகக் களஞ்சியத்தில் வேலை செய்கிறேன். ஒரு நட் சரியான இறுக்கத்தில் இல்லையென்றால் ஒரு கட்டடத்தின் ஆட்களே விழுவார்கள் என்று பழக்கப்பட்டவன். கரவனின் கீழே கம்பளி விரித்துப் படுத்துப் பார்த்தபோது காரணம் உடனே தெரிந்தது. ஒவ்வொரு பக்கமும் இரண்டு சக்கரம். ஒவ்வொரு சக்கரத்தின் அச்சையும் ஒரு பட்டை ஸ்பிரிங் தாங்கியது. வில் போல வளைந்திருக்க வேண்டிய பட்டைகள் தட்டையாகிக் கிடந்தன. குழியில் விழுந்தால் அச்சு நேரே சட்டத்தில் போய் அடித்தது. அடித்த இடம் பளபளவென்று தேய்ந்திருந்தது.

வாகனப் பத்திரத்தில் உள்ள எடைக்குப் பொருந்தும் புதிய ஸ்பிரிங்குகள் நான்கு எடுப்பித்தேன். முதலில் இல்லாத அமோர்த்திசர்கள் நான்கு, அதாவது குலுக்கத்தை விழுங்கும் எண்ணெய்க் குழாய்கள், அவற்றையும் எடுப்பித்தேன். கரவனுக்குள் ஏறப்போகும் ஒவ்வொன்றையும் குளியலறைத் தராசில் நிறுத்தேன். மனைவி கொடுத்த அரிசி, மா, தூள், சட்டி பானை, குளிர்ப்பெட்டி எல்லாம் சேர்த்து நூற்றிமுப்பது கிலோவுக்கு வந்தது. தம்பியின் சொந்தச் சாமான்கள் பதினெட்டுக் கிலோ. இரண்டு தடவை நிறுத்துப் பார்த்தேன். பதினெட்டுத்தான்.

பங்குனியில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மச்சானும் நானும் அந்த முற்றத்தில் வேலை செய்தோம். தம்பி ஒரு கதிரையில் இருந்து ஆணிகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து தந்தான். ஸ்பிரிங்குகளோடு ஒரு தாள் வந்திருந்தது. எந்த ஆணிக்கு எவ்வளவு இறுக்கம் என்று அதில் ஓர் அட்டவணை இருந்தது. அதை என் நாட்குறிப்பில் கோடு போட்டுப் பிரதி பண்ணிக்கொண்டேன். அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பும் இருந்தது. அதை நான் பிரதி பண்ணவில்லை.

முன் ஸ்பிரிங்குக்கும் பின் ஸ்பிரிங்குக்கும் நடுவில், சட்டத்தில் ஒரு ஆணியில் தொங்கும் இரும்புத் துண்டு ஒன்று உண்டு. சிறுவர் பூங்காவில் இரண்டு பக்கமும் ஏறி இறங்கும் பலகையைப் போன்றது. முன் சக்கரம் மேட்டில் ஏறினால் அது சாய்ந்து பாரத்தின் ஒரு பங்கைப் பின் சக்கரத்துக்குக் கொடுக்கும். அந்த ஆணியை மச்சான் போட்டார். நான் போய்க் கையால் ஆட்டிப் பார்த்தேன். ஆடியது.

"இது லூசாக் கிடக்குது."

"கிடக்கட்டும். ஆட வேண்டியது ஆடட்டும்."

"அட்டவணையிலை வேறை கணக்குப் போட்டிருக்கு."

"மச்சான், நீர் என்ன லிப்டுக்கே போல்ட் போடுறீர்? என்ரை லொறியிலையும் இப்பிடித்தான். நட் கழண்டு விழாமல் பூட்டு நட் போட்டிருக்கிறன். சும்மா விடும்."

விட்டேன். அன்று பின்னேரமே கரவனைக் கொளுவி, கார்ஜைச் சுற்றி ஓர் ஓட்டம் போனோம். வேகத்தடைகள் மேல் வேண்டுமென்றே ஏறினார் மச்சான். பழைய உதை இல்லை. படகு அலையில் ஏறி இறங்குவது போல இருந்தது. தம்பி கையை முதுகுக்குப் பின்னால் வைக்கவில்லை. மடியில் வைத்திருந்தான். "நல்லாயிருக்கு அண்ணை" என்றான். பரவாயில்லை என்ற சொல்லை அன்று சொல்லாததை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை, புறப்படுவதற்கு முதல் நாள், அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு தனியாகக் கார்ஜுக்குப் போனேன். களஞ்சியத்திலிருந்து இறுக்கத்தை அளக்கும் ஸ்பானரைக் கொண்டுபோயிருந்தேன். கரவன் பிக்அப்பிலிருந்து கழற்றப்பட்டு, முன்பக்கக் கால்களில் மூக்கை உயர்த்தியபடி நின்றது. அட்டவணையின்படி ஒவ்வோர் ஆணியாக இறுக்கி, இறுக்கியதற்கு அடையாளமாக வெள்ளைப் பெயின்றில் ஒரு கோடு போட்டேன். பக்கத்துக்கு ஒன்றாக மச்சான் லூசாக விட்ட அந்த இரண்டு நடு ஆணிகளுக்கும் வந்தேன். அட்டவணையில் எண் இருந்தது. ஸ்பானர் க்ளிக் என்று சொல்லும்வரை இறுக்கினேன். கையால் ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது. யாருக்கும் சொல்லவில்லை. மச்சான் சிரிப்பார் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

சனிக்கிழமை காலை மனைவி முதல் இரயிலில் என்னோடும் தம்பியோடும் கார்ஜுக்கு வந்தாள். லா சப்பலில் முதல் நாள் வாங்கிய எட்டுத் தேசிக்காய், கற்பூரம், ஒரு தேங்காய் எல்லாம் கொண்டுவந்தாள். புது வாகனம் முதன்முதல் தூரப் பயணம் போகும்போது ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழே ஒரு தேசிக்காய் வைத்து, அதை நசித்துக்கொண்டு புறப்பட வேண்டும். கண்ணூறு அதோடு போகும் என்பது அவள் நம்பிக்கை. பிக்அப்புக்கு நான்கு, கரவனுக்கு நான்கு. நான் இதற்கெல்லாம் சிரிக்கிறவன். அன்றும் சிரித்தேன்.

"எட்டையும் நிறுத்துப் பாத்தனீரோ?" என்று மச்சானும் சேர்ந்துகொண்டார்.

"நீங்கள் ரெண்டு பேரும் சிரியுங்கோ," என்றாள் மனைவி. "அண்ணா, எடுக்கேக்கை முன்னுக்குத்தான் உருள வேணும். ஒருக்கா உருண்டாப் பிறகு பின்னுக்கு எடுக்கக் கூடாது. நசியாமல் ஒண்டு மிஞ்சினால் இண்டைக்குப் பயணம் இல்லை. நான் சொல்லிப்போட்டன்."

தம்பி வலது பக்க முன் இருக்கையில் ஏறி, சாய்வைச் சரிசெய்துகொண்டு இருந்தான். மனைவி பிக்அப்பின் முன்னால் நின்று கற்பூரம் காட்டித் தேங்காயை உடைத்தாள். மச்சான் மெதுவாக முன்னுக்கு உருட்டி ஐந்தாறு மீற்றரில் நிறுத்தினார். நான் பின்னால் நின்றேன். சக்கரம் சக்கரமாகப் பார்த்துக்கொண்டு போனேன். ஏழு தேசிக்காய் கூழாகி நிலத்தோடு ஒட்டிக் கிடந்தன. கரவனின் வலது பின் சக்கரத்தின் கீழே வைத்தது நசியவில்லை. பச்சைத் தோலில் ரயரின் வரிகள் பதிந்திருந்தன. ஒரு ஓரம் மட்டும் சற்று வெடித்திருந்தது. மற்றபடி முழுசாக இருந்தது.

உருண்டு தப்பியிருந்தால் தோலில் வரி இராது. சக்கரம் அதன் மேல் ஏறித்தான் போயிருக்கிறது. ஏறிய சக்கரத்தில் பாரம் இல்லை. எடையோடு வேலை செய்கிற ஒருவனுக்கு இதைப் புரிந்துகொள்ள நேரம் தேவையில்லை. எனக்கும் தேவைப்படவில்லை. வெள்ளிக்கிழமை நான் இறுக்கியது உடனே நினைவுக்கு வந்தது.

குனிந்து தேசிக்காயை எடுத்து ஜக்கெற் பைக்குள் போட்டேன்.

"எல்லாம் நசிஞ்சுதோ?" முன்னாலிருந்து மனைவி கேட்டாள்.

"ஓம். எல்லாம் சரி."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல வருடமாக எனக்குள்ளே விடை எழுதிப் பார்த்திருக்கிறேன். நசியவில்லை என்று சொன்னால் அவள் பயணத்தை நிறுத்துவாள், இன்னொரு நல்ல நாள் பார்ப்பாள், திங்கள் ஏழு மணி தவறிப்போகும், தம்பியின் கதவு போய்விடும். இது முதலாவது விடை. இது பொய்யல்ல. ஆனால் அரை மணித்தியாலம் கேட்டிருந்தால் கீழே படுத்து ஆணியைத் தளர்த்தியிருப்பேன். அதற்கு, நான்தான் இறுக்கினேன் என்று மச்சானுக்கு முன்னால் சொல்ல வேண்டியிருந்தது. தேசிக்காயைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன் என்று மனைவிக்கு முன்னால் சொல்ல வேண்டியிருந்தது. பின்னுக்கு உருளக் கூடாது என்று அவளே சொல்லிவிட்டாளே என்று, ஒருநாளும் நம்பாத அந்த வழக்கத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். வழியில் எங்கேயாவது நிறுத்தும்போது யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்றும் நினைத்தேன்.

பெருந்தெருவில் ஏறிக் கொஞ்ச நேரத்திலேயே அடி தொடங்கிவிட்டது. வீதியின் ஒவ்வொரு பொருத்திலும் கழுத்து வழியாக ஒரு குத்து வந்தது. பழைய ஸ்பிரிங்கோடு வந்ததைவிட மோசம். பின் இருக்கையில் இருந்த எனக்குத் தம்பியின் பிடரியும் காதும் தெரிந்தன. அவன் கை திரும்பவும் முதுகுக்குப் பின்னால் போயிருந்தது.

"மச்சான், கொஞ்சம் மெதுவா விடும்."

"இதுக்கு மேலை மெதுவா விட்டா சைக்கிள்காரன் முந்திக்கொண்டு போவான். போன கிழமை பஞ்சு மாதிரி இருந்த சாமான். இண்டைக்கு இதுக்கு என்ன பிடிச்சது?"

"எங்கையாவது நிப்பாட்டுவமோ?" என்று தம்பியிடம் கேட்டேன். அவன் திரும்பாமலே, "வேண்டாம் அண்ணை. ஓடட்டும்" என்றான். அவன் வேண்டாம் என்றதை நான் ஏற்றுக்கொண்டேன். ஒவ்வொரு ஓய்விடத்தின் பலகையும் வந்து போனது. நான்காவது பலகையைத் தாண்டிய பிறகுதான் அவன் காது முழுக்க வெள்ளையாகியிருந்ததைக் கண்டேன். நிறுத்தும் என்று மச்சானிடம் சொன்னேன். லு மான்ஸுக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் ஓய்விடத்தில் நிறுத்தினார்.

தம்பியால் இறங்க முடியவில்லை. வலது காலை வெளியே வைத்தான். இடது கால் வரவில்லை. கையால் தூக்கி வைத்தான். மச்சான் சுற்றி ஓடிவந்து இரண்டு கைகளாலும் அவனைத் தாங்கிப் புல்லில் படுக்க வைத்தார். நான் கரவனின் சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தேன். முன் சக்கரங்களில் கை வைக்க முடியாத சூடு. பின் சக்கரங்கள் இரண்டும் குளிர்ந்திருந்தன; காலையில் இடது பின் தேசிக்காய் நசிந்தது முற்றம் அங்கே மேடாக இருந்ததால்தான். புது ஸ்பிரிங் கரவனின் பின்பக்கத்தை உயர்த்தியிருந்தது. மூக்கு பிக்அப்பின் தட்டில் தாழ்வாக இருந்தது. நடுவிலிருக்கும் இரும்புத் துண்டு சாய முடியாமல் இறுகி நின்றதால் முழுப் பாரத்தையும் முன் சக்கரங்கள் இரண்டுமே இருநூறு கிலோமீற்றர் சுமந்து வந்திருந்தன. மூக்கை உயர்த்தி நிறுத்தி இந்த ஆணிகளை இறுக்கக் கூடாது, துண்டு ஆட வேண்டும் என்பதுதான் அந்தத் தாளில் நான் பிரதி பண்ணாத சின்ன எழுத்துக் குறிப்பு.

கீழே படுத்து இரண்டு ஆணிகளையும் ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தினேன். கரவன் ஒரு முனகலோடு பின்பக்கம் இறங்கியது. வெளியே வந்தபோது மச்சான் குந்தியிருந்து நான் போட்ட வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் லூசா விட்டனான். ஆர் இறுக்கினது?"

"நான்தான்."

"எப்ப?"

"நேற்று."

அவர் சிரிக்கவில்லை. ஒரு பகிடியும் விடவில்லை. அவருடைய சிரிப்புக்குப் பயந்துதான் நான் இவ்வளவும் செய்திருந்தேன். எழும்பிப் போய்த் தம்பியின் சப்பாத்துகளைக் கழற்றிவிட்டு அவன் கால் விரல்களைத் தேய்க்கத் தொடங்கினார்.

நான் அம்புலன்சுக்குப் போன் அடிப்போம் என்றேன். தம்பி வேண்டாம் என்றான். அம்புலன்ஸ் வந்தால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்றால் திங்கட்கிழமை போய்விடும் என்று அவன் சொல்லாமலே எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. ஒரு மணித்தியாலம் புல்லில் படுத்திருந்தான். மனைவி கட்டித் தந்த பொதியை ஒருவரும் அவிழ்க்கவில்லை. முழங்கால் வரை உணர்ச்சி திரும்பிவிட்டது, பிறகு கணுக்கால் வரை வந்துவிட்டது என்று அவன் படிப்படியாகச் சொன்னான். பாதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. மச்சான் தண்ணீர் எடுக்கப் போனபோது என்னைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தபடி கேட்டான்.

"அண்ணை, காலமை வெளிக்கிடேக்கை ஏதும் கண்டனீங்களோ?"

"இல்லை," என்றேன். தேசிக்காய் பைக்குள்ளே இடுப்பில் முட்டிக்கொண்டிருந்தது.

"சரி," என்றான்.

மிச்சத் தூரம் கரவன் அலையில் மிதப்பது போலவே வந்தது. பின்னேரம் கண்ணாடிக் கூடாரங்களுக்குப் பின்னால் அதை நிறுத்தி, தண்ணீர்க் குழாயும் கரண்டும் பூட்டி, மட்டம் பார்த்துக் கால்களை இறக்கினோம். திங்கட்கிழமை காலை ஆறு ஐம்பதுக்குத் தம்பி போன் எடுத்தான். வாசலில் நிற்கிறேன் என்றான்.

அடுத்த வருடம் அவன் இடது பாதத்துக்காக நாந்த் ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டரைப் பார்க்கப் போனோம். துணைக்கும் மொழிக்கும் நான் போனேன். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். துண்டு சில மில்லிமீற்றர் நகர்ந்திருக்கிறது, எப்போது எதனால் என்று சொல்ல முடியாது என்றார். ஏதாவது பலத்த அடி, விழுந்தது, குலுக்கம் உண்டா என்று கேட்டார். நான் அதைத் தமிழில் தம்பியிடம் கேட்டேன். அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "இல்லை எண்டு சொல்லுங்கோ" என்றான். நான் திரும்பி டொக்டரிடம் பிரெஞ்சில் இல்லை என்றேன். என் தொழிலில் ஒரு பாகத்தின் எண்ணைத் தவறாக எழுதினால் அதைச் சிவப்பு மையில் திருத்திக் கையெழுத்து வைக்க வேண்டும். அங்கே நான் சொன்ன அந்த இல்லையைத் திருத்தவில்லை.

போன வருடம் ஆவணியில் இரண்டு நாள் அவனோடு தங்கப் போனேன். இன்னும் அதே இடம், அதே வேலை. கரவனுக்கு இப்போது சக்கரம் இல்லை. சீமெந்துக் கற்களின் மேல் ஏற்றி வைத்திருக்கிறான். நான் போட்ட ஸ்பிரிங்குகள் துருப்பிடித்துத் தொங்குகின்றன. உள்ளே எல்லாம் துப்பரவு. படியில் ஏறும்போது அவனுடைய இடது கால் செருப்பு கழன்று கீழ்ப்படியில் நின்றுவிட்டது. அவனுக்குத் தெரியவில்லை. வெறுங்காலோடு உள்ளே போய்த் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்தான். நான் செருப்பை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் சிரித்தான். "பின்னேரத்திலை இப்பிடித்தான். காலமை இந்தளவு இல்லை," என்றான்.

அன்றுதான் சொன்னேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்த பிறகு, மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அண்டைக்கு நீ கேட்டனி. நான் கண்டனான். ஒரு தேசிக்காய் நசியேல்லை."

"தெரியும் அண்ணை."

"என்ன தெரியும்?"

"நீங்கள் குனிஞ்சதும் எடுத்ததும் பைக்குள்ளை போட்டதும். என்ரை பக்கத்துக் கண்ணாடியிலை எல்லாம் தெரிஞ்சது."

"பிறகேன் கேட்டனி?" என்றேன்.

"சொல்லுவீங்களோ எண்டு பாத்தனான்."

அவன் அதைக் கோபத்தோடு சொல்லவில்லை. கேத்திலில் தண்ணீர் மிச்சமா என்று தூக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"கண்டனி எண்டால் நீ ஏன் அங்கேயே சொல்லேல்லை?"

"சொன்னால் அண்ணி விட்டிருக்க மாட்டா." கேத்திலை வைத்தான். "எனக்கு இந்தக் கதவு வேணும் போல இருந்தது. கால் போகும் எண்டு ஆர் கண்டது. நீங்கள் கீழை படுத்துப் பாப்பீங்கள் எண்டுதான் நினைச்சனான். எல்லாத்தையும் ரெண்டு தரம் பாக்கிற ஆள் நீங்கள்."

அவன் எழும்பி எனக்கு இன்னொரு கோப்பை ஊற்றினான். சீனி போட்டுக் கலக்கித் தந்தான்.

மறுநாள் அவன் வேலைக்குப் போவதற்கு முன்னரே நான் இரயிலுக்குப் புறப்பட வேண்டியிருந்தது. என்னோடு கீழ்ப்படி வரை இறங்கி வந்து கையைப் பிடித்து, "போய்ச் சேந்த உடனை போன் அடியுங்கோ" என்றான். நான் நாலடி நடந்த பிறகு பின்னால் கதவு சாத்தும் சத்தமும் தாழ்ப்பாள் விழும் சத்தமும் கேட்டன. ஒரு தரம் விழுந்தது, எடுபட்டது, திரும்பவும் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். கீழ்ப்படியில் இடது கால் செருப்பு திரும்பவும் கழன்று கிடந்தது. கதவைத் தட்டிச் செருப்பைக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். அவன் தாழ்ப்பாளை எடுக்க வேண்டிவரும். படிக்குப் போய், செருப்பை நேராக்கி, வேலைக்குப் போகும்போது கண்ணில் படக்கூடிய இடத்தில் வைத்துவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.